பவர் பேங்கும் பகல் திரையும்

பவர் பேங்கின் விளிம்பில் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்த நேரத்தில் எதிர்வீட்டு ஹார்ம் கை அசைத்தார்.

ரைன்டரும் பதிலுக்குக் கை அசைத்தார். அட்டை கையிலேயே இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, பவர் பேங்கின் மேல் செய்தித்தாளை இழுத்து மூடினார்.

ஹார்ம் தன் வீட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை அவருக்கு ஜன்னல் நாள். வேலை முடிய இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. முன்னால் ஒரு பெரிய கண்ணாடி, பின்னால் ஒரு பெரிய கண்ணாடி, நடுவில் குடும்பம். தெருவில் போகிறவன் இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்துத் தோட்டம்வரை தெரியும். மேசைமேல் என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

ரைன்டருக்கு அறுபத்தாறு வயது. ஊர்த் தீயணைப்புப் படையில் முப்பத்தொரு வருஷம். சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் ஓட வேண்டும். இப்போது வயதைக் காட்டி வண்டியில் ஏற்றுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பேசுகிற வேலை மட்டும் மிச்சம். அந்தப் பேச்சு இருக்கும்வரை சீருடை அலமாரியில் இருக்கும். நிலையத்துச் சாவி சட்டைப்பையில் இருக்கும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிந்து காபி குடிக்கும்போது அவருக்கும் ஒரு நாற்காலி இருக்கும்.

"நாளைக்குப் பேச்சு எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம், ரைன்டர்," என்று சொல்லியிருந்தார் மர்ரித். படைத் தலைவி. முப்பத்துநான்கு வயது. குழாயை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே ரைன்டர்தான்.

பேச்சின் தலைப்பு பேட்டரி. பழைய காட்சிப் பலகையை மர்ரித் தூக்கிப் போட்டுவிட்டார். படம் காட்டினால் போதும் என்றார். ரைன்டருக்குப் போதாது. படத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படும்? நிஜமான ஒன்றைப் பிரித்து, உள்ளே இருப்பதை வரிசையாகப் பலகையில் ஒட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். மேலே பெரிய எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டார்: வீட்டில் பிரிக்காதே.

இதே வாசகம் தெருவில் எல்லா வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒட்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் படை கொடுத்த துண்டுத்தாள். முதல் விதி அது. எழுதியவர் ரைன்டர். அடிக்கோடு போட்டவரும் அவர்தான்.

ஆகவே ஹார்ம் பார்க்கக் கூடாது.

மற்றபடி எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்திருந்தார். இரண்டு நாளாக ஒரு சின்ன விளக்கை மாட்டி, சார்ஜ் முழுவதையும் இறக்கியிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். மேசையில் இரும்புச் சாமான் எதுவும் இல்லை. மணல் தயாராக இருந்தது. தோட்டத்து மூலையில் இருக்கிற சிவப்பு வாளியை உள்ளே தூக்கி வந்தால் பக்கத்து வீட்டு கெஸீனா வேலிக்கு மேலே பார்த்துவிடுவார் என்று, மணலை மட்டும் பிஸ்கட் டின்னில் அள்ளி வந்திருந்தார்.

முறை தவறியது ஒன்றே ஒன்று. கூரையில் இருந்த புகை அலாரத்தைக் கழற்றி மேசை டிராயரில் போட்டிருந்தார். அது கத்தினால் தெருவே வந்துவிடும்.

ஹார்ம் மறுபடி கை அசைத்தார்.

ரைன்டர் எழுந்து போய்த் திரையை இழுத்தார். பதினோரு வருஷமாகத் தொங்குகிற திரை, இழுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நடுவில் சிக்கிக்கொண்டது. நாற்காலி போட்டு ஏறி, கொக்கியைத் தட்டி, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி என்று ஒருவழியாக மூடினார். தலையில் தூசி கொட்டியது. கண் எரிந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கையுறையோடு கண்ணைத் தேய்த்தார். இன்னும் எரிந்தது.

மேசைக்குத் திரும்பி மறுபடி அட்டையை நுழைத்ததும் பவர் பேங்கின் மூடி 'டக்'கென்று திறந்தது. உள்ளே வெள்ளி நிறத்தில் இரண்டு பேட்டரி செல், பக்கத்தில் பக்கத்தில், தூங்குவது போல. முதல் செல்லை எடுக்க இருபது நிமிஷம் ஆனது. முழுசாக வந்தது. அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் வைத்தார். ரைன்டருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தார். ஹார்ம் இல்லை. ஹார்ம் வீட்டிலும் திரை மூடியிருந்தது.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அடுத்த வீட்டைப் பார்த்தார். அங்கேயும் மூடியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண் நாற்காலியில் ஏறி நின்று கொக்கியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

யாரோ செத்துவிட்டார்கள்.

ரைன்டர் கண்ணாடியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். இந்தத் தெருவில் பகலில் திரை மூடினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. சாவு வீட்டில் முதலில் மூடுவார்கள். அதைப் பார்த்து எதிர்வீடு மூடும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரு முழுவதும். யாராக இருக்கும்? மூலை வீட்டுக் கிழவருக்கு இருமல் இருந்தது. ஆனால் காலையில்தான் சைக்கிளில் போனார். முதலில் மூடியது யார் வீடு என்று யோசித்தார்.

யோசித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஹில்லி காலைப் பேருந்தில் மெப்பல் ஊரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். போன வாரம் முழுக்க அவளுக்குக் காய்ச்சல். தெருவுக்கே தெரியும். அவள் இன்று பேருந்து ஏறியதுதான் யாருக்கும் தெரியாது.

திரையைத் திறந்துவிட வேண்டியதுதான். இதில் யோசிக்க எதுவும் இல்லை. எழுந்து திரையின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தபடி மேசையைத் திரும்பிப் பார்த்தார். பிளந்து கிடக்கிற பெட்டி. கையுறை. புட்டியில் ஒரு செல். இப்போது தெருவில் உள்ள எல்லாரும் அவரவர் திரை இடுக்கில் கண்ணை வைத்து இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திறந்தால் நேராக மேசைதான் தெரியும்.

மேசையைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

ஐந்து நிமிஷத்துக்கு ஹில்லி செத்திருக்கட்டும் என்று ரைன்டர் முடிவு செய்தார்.

அவசரத்தில் இரண்டாவது செல்லை இழுத்தார். வந்தது. ஆனால் நுனியில் மெல்லிசாக ஒரு கிழிசல். இனிப்பாக ஒரு வாசனை கிளம்பியது, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி. ரைன்டருக்கு அந்த வாசனை தெரியும். அதைப் பற்றித்தான் நாளைக்குப் பேசப் போகிறார். செல்லைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, மணலைத் தள்ளி, மூடியை அழுத்தாமல் மேலே வைத்தார். மற்றதையெல்லாம் வாரி டிராயரில் போட்டார். இரண்டே நிமிஷம்தான் ஆகியிருந்தது.

பின்கதவு திறந்தது. ஹார்ம் நின்றார். தொப்பி கையில் இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ரைன்டர்."

"ஹார்ம், கேளு, ஒண்ணுமே இல்ல..."

ஹார்ம் அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்தார். அப்படியே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

முப்பது வருஷப் பழக்கம். ஹார்ம் இதுவரை கை குலுக்கியதோடு சரி. அதுவும் புத்தாண்டுக்கு. இப்போது ரைன்டரின் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

"எங்கம்மா படுக்கையில கிடந்தப்ப அவதான் தெனம் சூப் கொண்டு வந்தா," என்றார். "நாப்பத்தோரு நாள். நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்ல ரைன்டர். கிண்ணத்தை மட்டும் கழுவிக் குடுப்பேன்."

ரைன்டர் வாயைத் திறந்தார். இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் இந்த மனுஷன் அழுததை என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டார்.

"நீ உக்காரு," என்றார் ஹார்ம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ எதையும் தொட வேண்டாம். எதிர்வீடு நான். என் வேலை. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"ஹார்ம், யாருக்கும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் பொறு."

"மணிக்காரனுக்குச் சொல்லியாச்சு."

அந்தக் கணமே தேவாலயத்து மணி அடித்தது. முதலில் சின்ன மணி. பெண் என்று அர்த்தம். ரைன்டர் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். அது பொருத்தமாகத்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. யாரும் வாசல் அழைப்பு மணியை அடிக்கவில்லை, எல்லாரும் பின்கதவு வழியாகத்தான் வந்தார்கள். ஒருவர் நாற்காலிகளோடு வந்தார். ஒருவர் காபிப் பாத்திரத்தோடு. மூலை வீட்டுக் கிழவர் சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க்கடிகாரத்தை நிறுத்தினார். இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் என்றால் அப்படித்தான். உயிரோடு இருக்கும்வரை வேலியைத் தாண்ட மாட்டான். செத்தால் அவன்தான் தூக்க வேண்டும்.

ரைன்டர் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிப்பக்கம் லேசாகச் சுட்டது.

"நான் மேல போறேன்," என்றார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. டின்னோடு படியேறினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போவான்.

குளியல் தொட்டிக்குள் டின்னை வைத்தார். வாசனை அதிகமாகிவிட்டிருந்தது. ஜன்னலை அகலத் திறந்தார். கீழே தோட்டத்தில் யாரோ சொல்வது கேட்டது.

"பாரு, ஜன்னலைத் திறந்துட்டாரு."

"உசிரு போறதுக்கு வழி விடறாரு. இந்தக் காலத்துல யாரு செய்யறா?"

இரண்டு மூக்கு உறிஞ்சும் சத்தம்.

ஹில்லிக்குச் சொல்லியாக வேண்டும். அவள் ஐந்து மணிப் பேருந்தில் வருவாள். ஒரு நாள் தங்கையோடு தங்கிக்கொள் என்று சொல்லலாம். நாளைக்குப் பேச்சு முடியட்டும். பிறகு எல்லாருக்கும் நிதானமாக விளக்கிவிடலாம். என்ன விளக்குவது என்று தெரியவில்லை. ஆனாலும் கைபேசியை எடுத்து ஹில்லியின் எண்ணை அழுத்தினார்.

கீழே வரவேற்பறையில் மணி ஒலித்தது.

வீடு அமைதியாகிவிட்டது. ஒலித்துக்கொண்டே இருந்தது. அவள் பேசியை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஹார்ம் எழுந்து போவது படி வழியே கேட்டது. பிறகு அவர் குரல், தாழ்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி:

"அவன்தான். மேலேர்ந்து அவ நம்பருக்குக் கூப்பிடறான்."

"பாவம்," என்றது ஒரு குரல். யாரோ விம்மினார்கள்.

ரைன்டர் பேசியை அணைத்துவிட்டுக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் எரிகிற வீட்டுக்குள் போயிருக்கிறார். ஒருமுறை பன்றிக்கொட்டகையிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு பன்றிகளை வெளியே இழுத்திருக்கிறார். இவ்வளவு வியர்த்ததில்லை.

படியில் பேச்சுச் சத்தம். இரண்டு பேர் அளவுநாடாவோடு நின்றார்கள்.

"இந்த வளைவுல பெட்டி திரும்பாது."

"நிமித்தித் திருப்பினா?"

"நிமித்தினா அவ கால்ல நிக்கற மாதிரி ஆயிடுமே. மரியாதையா இருக்காது."

"முன் ஜன்னலைக் கழட்டி இறக்கலாம். ஹார்ம் அம்மாவை அப்படித்தான இறக்கினோம்."

"அவங்க எடை வேற."

ரைன்டர் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு எதுவும் கழட்ட வேண்டாம்பா."

"நீங்க போய் அவங்ககூட இருங்க ரைன்டர். அளவு மட்டும்தான் எடுக்கறோம்."

அவர்களுக்குப் பின்னால் கெஸீனா வந்தார். ஒரு கையில் வெந்நீர் வாளி, தோளில் வெள்ளைத் துண்டு. பக்கத்து வீட்டுப் பெண்தான் உடம்பைக் குளிப்பாட்டி உடுத்த வேண்டும். கெஸீனா நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் இதைச் செய்கிறார். யாராலும் தடுக்க முடிந்ததில்லை.

"எந்த ரூம்ல இருக்கா?"

"வேண்டாம் கெஸீனா."

"நீங்க பாக்க வேண்டாம். வெளிய நில்லுங்க."

"இப்ப வேண்டாம்."

"சூடு ஆறிடும்," என்றார் கெஸீனா. வெந்நீரைச் சொன்னார். பிறகு மூக்கை உயர்த்தினார். கண் நிறைந்துவிட்டது. "நகப்பூச்சு அழிச்சிருக்கா. வாசனை இன்னும் இருக்கு. கடைசி நாள்லகூட தன்னைச் சுத்தமா வச்சிக்கணும்னு நெனச்சிருக்கா பாருங்க."

ரைன்டர் குளியலறைக்குள் போய் டின்னை எடுத்துக்கொண்டார். இப்போது நன்றாகவே சுட்டது. சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார். இதை வெளியே கொண்டு போக வேண்டும், திறந்த இடத்துக்கு, சுவரிலிருந்து தள்ளி. விதி ஐந்து.

"கெஸீனா, என்கூட வாங்க. முதல்ல ஒரு காபி குடிக்கலாம்."

கெஸீனா அவரை இரக்கத்தோடு பார்த்தார். வாளியைப் படிமேல் வைத்துவிட்டுக் கூட வந்தார்.

கீழே காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரைன்டர் டின்னோடு பின்கதவை நோக்கி நடந்தார். வழியில் ஒரு கை அதைப் பிடித்தது. மூலை வீட்டுக் கிழவரின் மருமகள்.

"பிஸ்கட்டா? குடுங்க, நான் பரிமாறறேன்."

"இல்ல. இது வேண்டாம்."

"காபிக்கு ஒண்ணு வேணுமில்ல?"

"இதுல இல்ல."

"மூடி மேல பிஸ்கட் படம் போட்டிருக்கே."

அறை திரும்பிப் பார்த்தது. காபிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட். பிறகு மூடியை மூடிவிட வேண்டும். இந்த ஊரின் தாராளம் அவ்வளவுதான். அந்த ஒன்றையும் கொடுக்காதவன் என்று யாரும் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"ரைன்டர்," என்றார் ஹார்ம் மெதுவாக. "ஒண்ணு ஒண்ணுதானே."

ரைன்டருக்கு மூளையில் எதுவும் ஓடவில்லை. "ஹில்லி செஞ்சது," என்றார்.

சொன்னதுமே தப்பு புரிந்தது.

மருமகள் டின்னை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் காபியைக் கீழே வைத்தார். பிறகு கெஸீனா முன்னால் வந்தார்.

"அப்படின்னா கண்டிப்பா எல்லாரும் ஒண்ணு எடுத்துக்கணும்," என்றார். "அவ கையால. கடைசியா. உடைச்சுச் சாப்பிட்டாலும் பரவாயில்ல. குடுங்க ரைன்டர்."

"முடியாது."

"உங்களுக்கு மட்டும் வச்சுக்கணும்னு தோணும். தெரியும். நான்கூட எங்க வீட்டுக்காரர் போனப்ப அவரோட சுருட்டை ஒரு மாசம் யாரையும் தொட விடல. ஆனா அது தப்பு. குடுங்க."

கெஸீனா மூடியில் கை வைத்தார். ரைன்டர் இழுத்தார். கெஸீனாவும் இழுத்தார். மூடியின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்து கெஸீனாவின் மூக்குக்கு முன்னால் நின்றது.

"சூடா இருக்கே," என்றார் கெஸீனா. "எப்ப சுட்டா?"

ரைன்டர் ஓடினார்.

பின்கதவைத் தோளால் தள்ளி, தோட்டத்தின் நடுவில் கல் பாவிய இடத்தில் டின்னை வைத்துவிட்டு, ஐந்து அடி பின்னால் வந்து இரண்டு கையையும் விரித்தார். "யாரும் கிட்ட வராதீங்க." மெலிந்த புகை நேராக மேலே போனது. காற்றில்லாத நாள்.

தோட்டத்து வாசலில் மர்ரித் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஆறு பேர். எல்லாரும் விழாச் சீருடையில். மர்ரித் கையில் வெள்ளைப் பூச்செண்டு. படைக்காரன் வீட்டில் சாவு விழுந்தால் படை வரும். ரைன்டரே அப்படி எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மர்ரித் டின்னைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். பூச்செண்டை வேலிமேல் வைத்துவிட்டு, மூலையில் இருந்த சிவப்பு வாளியை எடுத்து, மணலை மொத்தமாக டின்மேல் கொட்டினார். ஆறு பேரும் யாரும் சொல்லாமலே வட்டமாக நின்றார்கள். ஒரு நிமிஷத்தில் புகை நின்றது.

தேவாலயத்து மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, தெரு பூரா திரை மூடியிருக்கு," என்றது ஒரு குரல். "யாரு செத்தது?"

ஹில்லி. முந்தின பேருந்திலேயே வந்துவிட்டாள். கையில் தங்கை கொடுத்த பச்சை வெங்காயக் கட்டு.

உள்ளே ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. ஹார்ம் அருகில் இருந்த பூந்தொட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க? யாருன்னு சொல்லுங்க."

"நீதான்," என்றார் ஹார்ம்.

"நான் என்ன?"

"செத்தது."

ஹில்லி யோசித்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"ரெண்டரையிலேர்ந்து," என்றார் ரைன்டர்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மெப்பல்ல இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

ரைன்டர் கீழே பார்த்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் புல் முளைத்திருந்தது. பிடுங்க வேண்டும். "சொல்லிருக்கணும்," என்றார். "சொல்லியிருந்தா ஏன் திரையை மூடினேன்னு கேப்பாங்க."

"ஏன் மூடினே?"

வாசல் நிறைய ஆட்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் ஆட்கள். ஹார்மின் கண் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தக் கண்ணை மட்டும் ரைன்டரால் பார்க்க முடியவில்லை.

மர்ரித் டின்னைக் காலால் லேசாகத் தட்டினார். "நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

அவர் நேராக நின்றார். சம்பவ அறிக்கை கொடுக்கிற மாதிரிதான் அவருக்குச் சொல்ல வந்தது. வேறு மாதிரி தெரியாது.

"மத்தியானம் ரெண்டு இருபதுக்கு முன்னறை மேசையில ஒரு பவர் பேங்கைப் பிரிச்சேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பலகைக்காக. யாரும் பாக்கக் கூடாதுன்னு திரையை மூடினேன். புகை அலாரத்தைக் கழட்டி டிராயர்ல போட்டேன்."

ஆறு பேரில் ஒருவன் "அலாரத்தையா" என்று முனகினான்.

"அலாரத்தை," என்றார் ரைன்டர். "உள்ள ரெண்டு செல். ரெண்டையும் முழுசா எடுத்தேன். ரெண்டாவது செல்லோட நுனி மட்டும் லேசா கிழிஞ்சுது. அதை டின்ல போட்டேன். அப்புறம் ஹார்ம் வந்தான். என் பெண்டாட்டி உயிரோட இருக்கான்னு அவன்கிட்ட சொல்லல. அவன் அழுதான். அப்பவும் சொல்லல. மணி அடிச்சப்பவும் சொல்லல. படியை அளந்தப்பவும் சொல்லல. அவ்வளவுதான்."

"முதல் விதி என்ன, ரைன்டர்?" என்று கேட்டார் மர்ரித்.

"வீட்டில் பிரிக்காதே."

"யார் எழுதினது?"

"நான்."

"பிரிச்சவங்க நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி நின்னு..." மர்ரித் முடிக்கவில்லை. காது சிவந்திருந்தது. கோபத்தில் என்று ரைன்டர் நினைத்தார்.

"நிக்கக் கூடாது," என்றார் ரைன்டர். "தெரியும்."

சட்டைப்பையிலிருந்து நிலையத்துச் சாவியை எடுத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அதன் பல் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. மர்ரித் முன்னால் நீட்டினார். மர்ரித் அதை வாங்கவில்லை. வாங்காமலும் இல்லை. கை பாதியில் நின்றது. அவர் ஆறு பேரையும் பார்த்தார். ஆறு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்ம் தொப்பியின் உள்பக்கத்தை ஆராய்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் தன் முகத்தைப் பார்க்க மறுப்பார்கள் என்று ரைன்டர் நினைத்ததில்லை. அவ்வளவு அருவருப்பு.

வீட்டு வாசற்படியில் கெஸீனா நின்றுகொண்டிருந்தார். தோளில் இன்னும் அந்த வெள்ளைத் துண்டு. கொஞ்ச நேரம் ஏதோ யோசித்தார். பிறகு அடக்க முடியாமல் கேட்டார்:

"ரெண்டையுமே முழுசாவா எடுத்தீங்க ரைன்டர்? அடியில ஒட்டியிருக்கிற அந்தப் பசையை எப்படி விடுவிச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன், உங்க துண்டுத்தாள் வந்ததுலேர்ந்து தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம வீட்டுல பிரிச்சுப் பாத்துட்டோம், மர்ரித்துக்குக்கூட வரல."